எஃப்-எட்டு போட்ட வருடம்

வேலை கேட்டு வந்த அன்று வெண்ணிலா துப்பட்டாவை இடது கைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் பூபாலனுக்கு விஷயம் உடனே தெரியவில்லை.

ஜமுனாமரத்தூரில் உரக்கடை மாடியில் இரண்டே அறைகளில் நடந்துவந்த சின்னச் சங்கம் அது. மின் இணைப்பு, சாதிச் சான்றிதழ், வன நில உரிமை என்று மலைக் கிராமத்து மக்கள் போடும் மனுக்களுக்கு உதவுவதுதான் அங்கே வேலை. பூபாலன் அதன் பொறுப்பாளர். ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பேசவைத்து செல்போனில் பதிவு செய்துகொண்டு வருவார். அந்தப் பேச்சைக் கேட்டு வாக்குமூலமாக டைப் செய்யத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆரணியில ஆறு வருசம் டிடிபி கடையில இருந்திருக்கீங்க. நல்லது. இப்ப ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுறீங்களா?" என்றார்.

வெண்ணிலா துப்பட்டாவை விலக்கினாள். தோளிலிருந்து தொங்கிய கை மடிமேல் அப்படியே கிடந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன.

"இந்தக் கை வராது சார். சந்தவாசல் ரோட்ல வண்டியில போவும்போது லாரி ஒரசிடுச்சு. தோள்ல நரம்பு அறுந்துபோச்சு, மூணு வருசம் ஆவுது. இப்ப அடிக்கச் சொன்னீங்கன்னா சுமாராத்தான் வரும். ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா அடிச்சுக் காட்டுறேன்."

"ஒரு வாரத்துல கை சரியாயிடுமா?"

"கை ஆவாது சார். கீபோர்ட சரி பண்ணிடுவேன்."

பூபாலன் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "அப்ப இங்கயே உக்காந்து பண்ணுங்க. எனக்கு எங்க போய் ஆள் தேடறது" என்றார்.

படவேட்டிலிருந்த பெற்றோர் அவளை மலைக்கு அனுப்பத் தயங்கினார்கள். இதற்குமுன் நான்கு இடங்களில் கேட்டுப் பார்த்திருந்தாள். நான்கிலும் கையைப் பார்த்ததும் எதிரில் இருந்தவர் குரல் தாழ்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஐந்தாவது இடத்தில்தான் நாற்காலி கிடைத்தது. அவள் ஒரு பையோடு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டாள்.

தமிழ் டைப்பிங்கில் அவள் பழகியிருந்த முறையில் உயிரெழுத்துகள் எல்லாம் கீபோர்டின் இடது பக்கம், மெய்கள் எல்லாம் வலது பக்கம். இரண்டு கையும் மாறி மாறி விழுந்தால் எழுத்துகள் தானாகச் சேரும். விபத்துக்குப் பிறகு அவளிடம் மெய்கள் மட்டும் மிச்சம் இருந்தன. 'நிலம்' என்று அடிக்க வலது கை தாண்டிப் போய் ஒரு இகரத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும்.

அவள் பயன்படுத்திய டெக்ஸ்ட் எடிட்டர் இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்துவது. எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் நாமே எழுதி வைக்கலாம். விபத்துக்குப் பிறகு வீட்டில் சும்மா கிடந்த மாதங்களில், அவள் வீடியோ பார்த்துப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். இப்போது அந்த ஒரு வாரமும் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை உட்கார்ந்து அமைத்தாள்.

இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கீக்கு மாற்றினாள். சேவ் செய்ய எஃப்-இரண்டு. அடித்ததை ரத்து செய்ய நம்பர் பக்கத்துக் கழித்தல் குறி. ஒலிப்பதிவை நிறுத்தவும் ஓட்டவும் எஃப்-நான்கு. ஐந்து விநாடி பின்னால் போக எஃப்-ஐந்து. அடிக்கடி வரும் சொற்களுக்கு இரண்டிரண்டு மெய்யெழுத்தாகச் சுருக்கம் வைத்தாள். 'நம' என்று அடித்தால் 'நிலம்'. 'மப' என்றால் 'மேற்படி'. 'தற' என்றால் 'தெரிவித்துக்கொள்கிறேன்'. எல்லாமே வலது கை எட்டுகிற எழுத்துகள்.

ஏழாம் நாள் பூபாலன் கொடுத்த இருபது நிமிடப் பதிவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்தார். "முன்னாடி இருந்தவரு ரெண்டு கையாலயும் இதைவிட லேட்டா பண்ணாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பதிவை எடுக்கப் போய்விட்டார்.

அன்று மாலை வெண்ணிலா அம்மாவுக்கு போன் செய்து வேலை நிச்சயமாகிவிட்டது என்று சொன்னாள். "இன்னா, உண்மையாவா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

எட்டு மாதத்தில் சுருக்கங்கள் நானூறைத் தாண்டின. வாக்குமூலங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் போவதை அவள் கவனித்தாள். பெயர், ஊர், வீடு அல்லது நிலத்தின் எல்லைகள், எந்த ஆண்டிலிருந்து அனுபவிக்கிறார், நிலமென்றால் என்ன விளைகிறது. அதற்காக எஃப்-எட்டு கீயை அமைத்தாள். அதைத் தட்டினால் ஒரு பக்க வாக்குமூலம் முழுதாக வந்து நிற்கும். நிரப்ப வேண்டிய இடங்களில் மாதிரிக்கு ஒரு சொல் இருக்கும். கூட்டல் குறியை அழுத்தினால் கர்சர் அடுத்த இடத்துக்குத் தாவும். புதிதாக அடித்தால் பழைய சொல் அழிந்துவிடும். முதன்முதலில் அதைச் செய்தது மின் இணைப்பு கேட்ட ஒரு வீட்டு மனுவுக்காக. அந்த வீடு கட்டியது 2007-இல். ஆண்டுக்கான இடத்தில் மாதிரியாக அந்த 2007 அப்படியே தங்கிவிட்டது. பிறகு அதே கீயை நில மனுக்களுக்கும் மாற்றிக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சின்னராசு மாடிப்படி ஏறி வந்தார். நாவல்கொல்லைக்காரர். ஐம்பது வயதிருக்கும். சாமையும் கொள்ளும் விதைக்கிறவர். கொல்லை ஓரத்தில் நான்கு புளியமரங்கள் உண்டு. அவருடைய நில மனுவைச் சங்கம்தான் போட்டுக் கொடுத்திருந்தது. கையில் மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தார்.

"சார், பத்து நாளு முன்னாடி தபால் வந்துச்சு. பள்ளிக்கூடத்து டீச்சர் படிச்சுட்டு, நான் சொன்ன வருசம் சரியில்லன்னு தள்ளிட்டாங்கன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்களான்னு பாருங்க."

பூபாலன் வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறுவதை வெண்ணிலா தன் இடத்திலிருந்து பார்த்தாள்.

"2005 டிசம்பருக்கு முன்னாடியிலிருந்து நிலத்துல இருந்தாத்தாண்ணா உரிமை. நீங்க 2007-லிருந்துதான் உழறேன்னு வாக்குமூலம் குடுத்திருக்கீங்கன்னு போட்டிருக்கு."

சின்னராசு சுவரைப் பார்த்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டார்.

"நான்தான் இன்னாவோ மாத்திச் சொல்லிட்டேன் போலக்குது. எனக்கு வருசமெல்லாம் வராது சார். வூட்லயும் அதான் திட்டுது. வாயிருந்தும் பேசத் தெரியலன்னு சொல்லுது. பத்து நாளா என்கிட்ட பேசறதே இல்ல."

"மேல்முறையீடு பண்ணலாம். அறுபது நாள் டைம் இருக்கு. நான் பாக்கறேன்" என்றார் பூபாலன்.

"நானே சொல்லி நானே கெடுத்துக்கிட்டேன். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லி அவர் எழுந்தார். போகும்போது வெண்ணிலா பக்கம் திரும்பி, "வர்றேம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை அவள் கீபோர்டில் கை வைக்கவில்லை.

2007 அவள் எஃப்-எட்டில் மாதிரிக்கு விட்டுவைத்திருந்த எண்.

பூபாலன் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பியதும் சின்னராசுவின் பதிவைத் தேடி எடுத்தாள். நாற்பத்தொரு நிமிடம். ஹெட்போன் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். பன்னிரண்டாம் நிமிடத்தில் அவர் சொன்னார்: "எங்கப்பன் செத்தப்புறம் அண்ணந்தம்பிங்க பிரிஞ்சோம். இந்தப் பக்கம் எனக்கு வந்துச்சு. அப்பலர்ந்து நான்தான் உழுவுறேன்." அதன்பிறகு புளியமரங்களைப் பற்றிப் போனார். பூபாலன் வருடம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. கடைசி விநாடி வரை கேட்டும் 2007 எங்கேயும் வரவில்லை.

அன்றைக்கு நடந்ததும் நினைவுக்கு வந்தது. வருடம் சொல்லவில்லையே, சாரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக் கூட்டல் குறியை அழுத்தித் தாண்டிப் போனாள். அன்று மட்டும் ஐந்து வாக்குமூலம். திரும்பி வரவே இல்லை.

எல்லா ஃபைல்களிலும் 2007-ஐத் தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். பதினொரு இடங்கள் வந்தன. ஏழு வீட்டு மனுக்கள்; ஒரே திட்டத்தில் அந்த ஆண்டு கட்டிய வீடுகள், அவை சரி. மீதி நான்கும் நில மனுக்கள். ஒன்று சின்னராசுவுடையது. மற்ற மூன்றின் பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட யாரும் 2007 என்று சொல்லியிருக்கவில்லை.

மதியம் சாப்பிடக் கொண்டுவந்த டப்பாவை அவள் திறக்கவில்லை. இந்த விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவரப்போவதும் இல்லை. சின்னராசுவே பழியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று ஃபைல்களைத் திருத்தி, எஃப்-எட்டில் இருந்த எண்ணை எடுத்துவிட்டால் போதும். சொன்னாலோ இந்த நாற்காலி போய்விடும். ஒரு கையை வைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்தாள் என்ற பேரும் நிற்கும். இதையெல்லாம் மூன்று மணிவரை அவள் யோசித்தாள். ஆனால் மனதுக்குள் சின்னராசுவின் மனைவி அவரிடம் பேசாமல் இருப்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பூபாலன் வந்ததும், "சார், இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்றாள். எஃப்-எட்டைத் தட்டினாள். பக்கம் வந்து விழுந்தது. ஆண்டுக்கான இடத்தைக் காட்டினாள். பிறகு பதிவின் பன்னிரண்டாம் நிமிடத்தைப் போட்டுக் காட்டினாள்.

அவர் நின்றபடியே கேட்டார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டார்.

"இன்னும் எத்தனை?"

"மூணு. சின்னக்குழந்தைன்னு ஒரு அம்மாவோடது, இளவரசனோடது, குணசீலனோடது. தேதியப் பார்த்தா அதெல்லாம் இன்னும் முடிவாகல."

"அன்னைக்கு ரேஷன் கடை வாசல்ல வெச்சு நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பன்னண்டு பேரு. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. வேக வேகமா படிச்சுட்டுக் கைநாட்டு வாங்கிட்டு வந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வருசம் கேக்காம வந்தவனும் நான்தான்."

வெண்ணிலா மற்ற மூன்று ஃபைல்களையும் திறந்து வைத்தாள்.

அவற்றைப் பார்த்துவிட்டு அவர், "இந்த ரெடிமேட் எல்லாம் வேணாம், வெண்ணிலா. இனிமே ஒவ்வொரு எழுத்தா அடிச்சுடலாம்" என்றார்.

"என்னால முடியாது சார்." அவள் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "ஒவ்வொரு எழுத்தா அடிச்சா ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வரும். அப்புறம் நீங்க வேற ஆள்தான் பாக்கணும். பாக்கறதுன்னா பாருங்க, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இதை இன்னொரு தடவை நடக்காத மாதிரி என்னால மாத்த முடியும். அதுக்கு முன்னாடி நாவல்கொல்லைக்குப் போகணும். நானே சொல்லணும்."

"நான் போய் சொல்லிக்கறேனே."

"அவரு வூட்ல அவர்கிட்ட பேச மாட்டேங்கறாங்க சார். நான்தான் சொல்லணும்."

மறுநாள் அவள் அந்த ஃபைலைத் திறந்து வேலை செய்தாள். மாதிரிச் சொற்கள் எல்லாவற்றையும் அழித்தாள். அந்த இடங்களில் 'கேட்கவில்லை' என்ற சொல்லை மட்டும் வைத்தாள். எஃப்-பன்னிரண்டு பிரிண்டுக்கு அனுப்பும் கீ. அதற்கு ஒரு புதுக் கட்டளை எழுதினாள்: பக்கத்தில் எங்காவது 'கேட்கவில்லை' இருந்தால் பிரிண்ட் ஆகாது, கர்சர் அங்கே போய் நின்றுவிடும். இன்னொரு கீயும் வைத்தாள். பதிவு அப்போது எந்த நிமிடத்தில் ஓடுகிறதோ, அது வாக்கியத்தின் பக்கத்தில் விழும். யார் எதை எப்போது சொன்னார் என்று பிறகு போட்டுக் கேட்கலாம். அந்தக் கட்டளை சரியாக வேலை செய்ய இரண்டு நாளாயிற்று. ஒரு தடவை கீபோர்ட் முழுவதும் செத்துப்போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இருவரும் பூபாலனின் வண்டியில் நாவல்கொல்லைக்குப் போனார்கள். லேப்டாப்பும் தனியாக ஒரு நம்பர் கீபேடும் பையில் இருந்தன. வண்டியில் உட்கார அவளுக்கு இன்னும் பயம்தான். இடது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னராசு கொல்லையில் இருந்தார். அவர் மனைவி மங்கம்மாள் வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். பூபாலனைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றாள். கட்டில் எடுத்துப் போட்டாள். புருஷனை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஆனால் அவர் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெண்ணிலா உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க ஒன்னும் மாத்திச் சொல்லல. பேசினது முழுசா கேட்டுட்டேன். 2007-னு நீங்க சொல்லவே இல்ல. அது நான் போட்டது. என்னோட தப்பு."

சின்னராசுவுக்கு உடனே புரியவில்லை. "நான் சொல்லலன்னா எப்டிம்மா காயிதத்துல வரும்?"

அவள் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். சேமித்து வைத்திருந்த பழைய அமைப்பைப் போட்டு, எஃப்-எட்டைத் தட்டிக் காட்டினாள். ஒரே தட்டில் பக்கம் நிறைந்ததைப் பார்த்து அவர் குனிந்தார்.

"எனக்கு ஒரு கைதான் ஆவும். அதனால நெறைய எழுத்த முன்கூட்டியே அடிச்சு வெச்சிருக்கேன். வருசம் மட்டும் ஆளுக்கு ஆள் மாத்தணும். உங்களோடத மாத்தாம வுட்டுட்டேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேஷன் கடையில சார் படிச்சப்ப இது காதுல வுழுந்துச்சு. ரெண்டாயிரத்து ஏழுன்னு. ஏதோ சட்டத்து நம்பர்னு நெனச்சுக்கினேன்." பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நான் சொல்லலையாம்."

மங்கம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் வந்து வெண்ணிலாவின் எதிரில் நின்றாள்.

"பதினாலு நாளு. இந்த மனுசன் ஒரு வேளை சோறுதான் துன்னுச்சு. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். எங்க மாமியார் இருந்தாக்கூட அப்டிப் பேசிருக்க மாட்டாங்க. நீ இப்ப வந்து தப்புன்னு சொல்ற. அந்தப் பேச்செல்லாம் நான் எங்க போய் அள்றது?"

"மங்கா, வுடு. அந்தப் பொண்ணு வந்து சொல்லுதில்ல" என்றார் சின்னராசு.

"சொல்லட்டும். நல்லது. நான் கோவப்படறதையும் அது கேட்டுட்டுப் போவட்டும்."

வெண்ணிலா நின்று கேட்டாள். தலையைக் குனியவில்லை, அழவும் இல்லை. "நீங்க பேசறது சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். மங்கம்மாள் துப்பட்டாவால் கட்டியிருந்த அவள் கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புளிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பூபாலன் பேச்சை எடுத்தார். மேல்முறையீட்டுக்குப் புது வாக்குமூலம் வேண்டும், நிலம் எந்த வருடம் இவர்கள் கைக்கு வந்தது என்று தெரிய வேண்டும். சின்னராசு விரலை மடித்துப் பார்த்தார். அப்பா இறந்தது பெரிய காற்றடித்த வருடமா, அதற்கு அடுத்ததா என்று குழம்பினார்.

"அவரக் கேட்டா எப்டி வரும்?" என்றாள் மங்கம்மாள், புளியைக் கிளறிக்கொண்டே. "என்ன ஒருத்தராவது கேட்டீங்களா? அன்னிக்கும் இவரத்தான் உக்கார வெச்சு போன நீட்டினீங்க. நான் இதே வாசல்லதான் இருந்தேன்."

பூபாலனும் வெண்ணிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்ணிலா தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, போனை மங்கம்மாள் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா. மெதுவா சொல்லுங்க."

"பாகம் பிரிஞ்சது மாசி மாசம். அருணா அப்ப எனக்கு வயித்துல ஆறு மாசம். இங்க முழுக்கக் கல்லுதான். இவரு கடப்பாரையால நெம்புவாரு, நான் கூடையில அள்ளி அந்த ஓரத்துல போடுவேன். அந்தக் கல்லுதான் அதோ வரப்பா நிக்குது. ஆடியில மொத சாமை வெதைச்சோம். அருணா கைக்கொழந்தை. ரெண்டாவது புளியமரத்துல சேலையில ஏணை கட்டி, அதுல வுட்டுட்டு வெதைச்சேன். எறும்பு ஏறிடுச்சு. காலெல்லாம் தடிச்சுப்போய் மூணு நாளு அழுதுச்சு."

"அருணா பொறந்த தேதி தெரியுமாக்கா?"

மங்கம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். ஆலங்காயத்தில் கட்டிக் கொடுத்த மகளின் பழைய பள்ளிச் சான்றிதழ் அதில் இருந்தது. பிறந்த தேதி: 2.6.2001.

பூபாலன் அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார். "2005-க்கு நாலு வருசம் முன்னாடி" என்றார். மங்கம்மாள் சான்றிதழைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தாள்.

வெண்ணிலா அங்கேயே அடிக்கத் தொடங்கினாள். எஃப்-எட்டைத் தொடவில்லை. மங்கம்மாள் சொன்ன வரிசையிலேயே போனாள். கல் பொறுக்கியது, ஏணை கட்டியது, எறும்பு கடித்தது எல்லாம் வந்தன. 'பர', 'சம', 'பம' என்று அவள் இரண்டிரண்டு எழுத்தாகத் தட்டத் தட்டத் திரையில் சொற்கள் விரிந்தன. சின்னராசு அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முடித்ததும் அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் மங்கம்மாள் நிறுத்தினாள்.

"'அவருக்கு உதவியாகக் கல் பொறுக்கினேன்'னு போட்ருக்க. உதவி இல்ல. ரெண்டு பேருந்தான் பண்ணோம்."

வெண்ணிலா கழித்தல் குறியை அழுத்தினாள். 'நாங்கள் இருவரும்' என்று திருத்தினாள்.

கிளம்பும்போது மங்கம்மாள் ஒரு காகிதத்தில் கொட்டை எடுத்த புளியைப் பொட்டலம் கட்டி பூபாலனிடம் கொடுத்தாள். வெண்ணிலாவிடம் கொடுக்கவில்லை. ஆனால் வண்டி வரைக்கும் வந்தாள். வெண்ணிலா துப்பட்டாவைப் பல்லால் பிடித்து ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அவள் கையைத் தள்ளித் தானே கட்டினாள். "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டாள். "சரியா இருக்குதுக்கா" என்றாள் வெண்ணிலா.

மற்ற மூன்று மனுக்களையும் திருத்திக் கொடுக்க அந்த மாதம் முழுவதும் ஓடியது. இளவரசனும் குணசீலனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னக்குழந்தை அம்மாள் மட்டும், "இனி உங்க சங்கத்துல குடுக்க மாட்டேன்" என்று காகிதங்களை வாங்கிக்கொண்டு, செங்கத்தில் ஒரு வக்கீலிடம் போய்விட்டார். வெண்ணிலா அவர் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு, சரியான வாக்குமூலத்தோடு வக்கீல் ஆபீசுக்கு அனுப்பினாள். கிடைத்ததா என்று போன் செய்தபோது, கிடைத்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

சின்னராசுவின் மேல்முறையீடு திருவண்ணாமலையில் விசாரணைக்கு வந்தபோது ஐப்பசி ஆகிவிட்டது. மங்கம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். பூபாலன் கூடப் போனார். ஒரு அதிகாரி வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, எறும்பு கடித்ததெல்லாம் இதில் எதற்கு என்று கேட்டாராம். "கேட்டாங்க, சொன்னேன். நடந்ததுதான்" என்றாளாம் மங்கம்மாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், நிலத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லி எழுதிவிட்டாராம். பூபாலன் திரும்பி வந்து இதை வெண்ணிலாவிடம் சொன்னார். சொல்லும்போது பாதியில் சிரித்துவிட்டார்.

அளவைக்கு வந்தவர்கள் கல் வரப்பைப் பார்த்தார்கள். புளியமரங்களைப் பார்த்தார்கள். இரண்டரை ஏக்கர் கேட்டிருந்ததில் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு ஏக்கர் எண்பது சென்ட்டை ஒத்துக்கொண்டார்கள். மாசியில் உரிமைப் பத்திரம் வந்தது. சட்டப்படி இருவர் பெயரும் இருந்தன.

அதை வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் நேராகச் சங்கத்துக்கு வந்தார்கள். வெண்ணிலா ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள். சின்னராசு பத்திரத்தை அவள் மேசைமேல் விரித்தார். மங்கம்மாள் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் விடுபட்ட எழுபது சென்ட்டைப் பற்றிக் கேட்டாள். அங்கேயும் அவர்கள்தான் கொள்ளு விதைக்கிறார்கள்.

"மறுபடியும் மனு போடலாங்கக்கா. லேட்டாவும். கெடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது" என்றாள் வெண்ணிலா.

"போடு. இன்னா கேக்கணுமோ கேளு."

"நீ சொல்லு மங்கா" என்றார் சின்னராசு. அவர் போய் ஜன்னல் பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

வெண்ணிலா புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, போனை மங்கம்மாள் பக்கம் நகர்த்தினாள். கீழே உரக்கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் பலமாக இருந்தது. பூபாலன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.